டாக்டர் மேல கேஸ் போட்ட பிள்ளைகள்

உங்க ஹாஸ்டல்ல புகார்ப் பெட்டி இருக்கும்தானே? எங்க ஹாஸ்டல்லயும் ஒண்ணு இருக்கு. மெஸ் வாசல்ல ஒரு மரப்பெட்டி, அதுல சின்னதா ஒரு பூட்டு. மூணு வருஷத்துல அந்தப் பூட்டை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. முதல் வருஷம் நான் எழுதிப் போட்ட சீட்டு இன்னும் உள்ளேதான் கிடக்கும்னு நினைக்கிறேன்.

இப்போ வேற ஒரு விடுதியைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. அங்கே 9 வயசுப் பையன் ஒருத்தன் நினைச்சா விடுதித் தலைவர் மேலயே கேஸ் போடலாம். விசாரிக்கிற 5 நீதிபதிகளும் அவனை மாதிரிப் பிள்ளைகள்தான். ஒரு சமயம் அரை வருஷத்துக்குள்ள அந்தத் தலைவர் 5 தடவை கோர்ட் படி ஏறினார். ஒரு பையனைக் காதோடு சேர்த்து அடிச்சதுக்கு ஒரு கேஸ். ஒருத்தனைப் படுக்கை அறையிலிருந்து வெளியே தள்ளினதுக்கு ஒண்ணு. ஒருத்தனை மூலையில நிக்க வெச்சதுக்கு ஒண்ணு. நீதிபதியை அவமதிச்சதுக்கு ஒண்ணு. ஒரு சிறுமியைத் திருடின்னு சொன்னதுக்கு ஒண்ணு. இந்தப் பட்டியலை வேற யாரும் போட்டுக் கொடுக்கலை. அவரே தன் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கார்.

அந்த விடுதி இருந்தது போலந்து நாட்டு வார்சா நகரத்துல, க்ரொக்மால்னா தெரு, 92-ம் எண். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ ரெண்டு பேருமோ கிடையாது. நிறையப் பேருக்கு வீடும் கிடையாது. தலைவர் பேர் யானுஷ் கோர்ச்சாக். தொழில் குழந்தை மருத்துவம். நாடறிஞ்ச எழுத்தாளர். தன் வாழ்நாளில் 4 போர்களைப் பார்த்தவர். அதில் 3 போர்களில் ராணுவ டாக்டராக இருந்தார். நாலாவது போரில் ராணுவத்தில் சேர வயசு தாண்டிவிட்டது, ஆனால் அந்தப் போர் அவரைத் தேடி விடுதிக்கே வந்தது.

போர் வந்தால் குழந்தைகளுக்கு என்ன ஆகும்னு நம்மகிட்ட கேட்டா, பசி, காயம், படிப்பு போச்சுன்னு சொல்லுவோம். எல்லாம் சரிதான். கோர்ச்சாக் 40 வருஷமா அதுக்கும் அடியில இருக்கிற ஒண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அதைத் தெரிஞ்சுக்கணும்னா அவர் கதையை முதல்ல இருந்து பார்க்கணும்.

அவரோட நிஜப் பேர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். பிறந்தது 1878 அல்லது 1879, ஜூலை 22. வருஷத்துல ஏன் குழப்பம்னா, அப்பா பிறப்பைப் பதிவு பண்ண ரொம்பத் தாமதம் பண்ணிட்டார். நம்ம தாத்தாக்களுக்கு ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதி போட்டுக் கொடுப்பாரே, அந்த மாதிரிதான். அப்போ போலந்துன்னு ஒரு நாடு வரைபடத்துலயே இல்லை. வார்சா ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள்ள இருந்தது. பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி, கூடவே பிரம்படி.

அப்பா வக்கீல், வசதியான யூதக் குடும்பம். ஆனால் தான் யூதன் என்பதே பையனுக்கு 5 வயசு வரைக்கும் சரியாகத் தெரியாது. வீட்டில் வளர்த்த கானரிக் குருவி செத்துப்போக, அதைப் புதைச்சு மேல ஒரு சிலுவை வைக்கலாம்னு ஆசைப்பட்டான். வேலைக்காரப் பெண், குருவிக்கெல்லாம் சிலுவை வைக்கக் கூடாதுன்னுட்டாள். வாட்ச்மேன் பையன் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் குருவி யூதக் குருவி, நீயும் யூதன்தான் என்று விளக்கம் சொன்னான். குருவிக்கு ஏது மதம்னு நமக்குச் சிரிப்பு வரும். ஆனா 60 வருஷம் கழிச்சு, சாகப்போற சமயத்துல எழுதின டைரியிலயும் அவர் இந்தக் குருவியை மறக்கலை.

அப்புறம் அப்பாவுக்கு மனநோய் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் வீட்டுச் சாமான் ஒவ்வொண்ணாகக் கரைந்தது. 1896-ல் அப்பா இறந்தார். பள்ளி மாணவனான ஹென்ரிக், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினான். ஒரு வீடு எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1898-ல் ஒரு நாடகப் போட்டிக்கு எழுதும்போது, பழைய நாவல் ஒன்றிலிருந்து கோர்ச்சாக் என்ற பேரை எடுத்துப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அதே வருஷம் மருத்துவப் படிப்பிலும் சேர்ந்தார். 1905-ல் டாக்டர் ஆனார். ஆன கையோடு ராணுவத்திலிருந்து ஆள் வந்தது. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர். மஞ்சூரியாவில், காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஆஸ்பத்திரி ரயிலில் வேலை.

ரஷ்யாவில் அது புரட்சிக் காலம். சிப்பாய்கள் கூட்டம் போட்டு அரசியல் பேசினார்கள். ஒரு கூட்டத்தில் இவரையும் பேசச் சொன்னபோது, இவர் ஜாரைப் பற்றிப் பேசவில்லை, புரட்சியைப் பற்றியும் பேசவில்லை. எதுக்காக இருந்தாலும் சரி, போருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அதில் காயப்படப்போகிற, சாகப்போகிற, அனாதையாகப்போகிற குழந்தைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கையில் துப்பாக்கியோட நிக்கிற ஆட்கள்கிட்ட இப்படிப் பேச ஒரு தைரியம் வேணும். 27 வயசுதான் அப்போ. நம்ம சீனியர்களை விட நாலைஞ்சு வயசு கூட.

திரும்பி வந்து வார்சாவில் யூதக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் 1912 வரை வேலை பார்த்தார். பணக்காரர்களிடம் நல்ல பீஸ் வாங்குவார், ஏழைகளுக்கு இலவசம். நல்ல பேர், நல்ல வருமானம். ஆனால் ஒரு விஷயம் அவரை அரித்தது. ஒரு குழந்தையைக் குணப்படுத்தி அனுப்புகிறோம், அது போவது அதே ஈரச் சுவர், அதே பசி, அதே அடி. மறுபடியும் நோயோடு வரும். மருந்து வேலை செய்யுது, வாழ்க்கைதான் வேலை செய்யலை. அதனால் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, 1912-ல் க்ரொக்மால்னா தெருவில் புதுசாகக் கட்டின அனாதை இல்லத்துக்குத் தலைவரானார். கூடவே நிர்வாகத்தைத் தூக்கிச் சுமந்தவர் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா. பெல்ஜியத்தில் படித்துவிட்டு வந்தவர். இவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதணும். கோர்ச்சாக் போருக்குப் போன காலமெல்லாம் அந்த வீட்டை ஓட்டினது இவர்தான். புகழ் வந்ததுதான் டாக்டருக்கு.

அந்தக் கட்டடத்தில் மின்சாரம், நடுவில் இருந்து சூடேற்றும் வசதி, குழாயைத் திறந்தால் தண்ணீர், ஓடு பதித்த குளியலறை எல்லாம் இருந்தது. வார்சாவின் ஏழைத் தெருவில் அப்போது அது அதிசயம். சந்தோஷமாக ஓடி வருவார்கள் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நடந்தது வேறு. பிள்ளைகள் எதிர்த்தார்கள், ஏமாற்றினார்கள், உடைத்தார்கள். தன் வாழ்க்கையிலேயே மோசமான வருஷம் அந்த முதல் வருஷம்தான் என்று அவர் பின்னால் எழுதினார். வீடில்லாமல் வளர்ந்த பிள்ளை நல்ல கட்டிலைப் பார்த்ததும் நம்பிடாது. நாளைக்கு இதையும் பிடுங்கிடுவாங்கன்னுதான் நினைக்கும். அனுபவம் அப்படி.

அதுக்கு டாக்டர் கண்டுபிடிச்ச மருந்துகள் ரொம்பச் சின்னச் சின்னதா இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு இழுப்பறை. அதில் அவன் கூழாங்கல் வைப்பான், அறுந்த நூல், துருப்பிடிச்ச ஆணி, பொத்தான் வைப்பான். குப்பைன்னு யாரும் தொடக் கூடாது. வேற சொத்தே இல்லாத பிள்ளைக்கு அதுதான் சொத்து. பிள்ளையின் பையில் இருக்கிறதை எடுத்து அடுப்பில் போடுகிற வாத்தியார் பெரிய குற்றம் செய்கிறார் என்பது அவர் கருத்து. புதுசாக வருகிற பிள்ளைக்கு 3 மாசம் ஒரு மூத்த பிள்ளை பொறுப்பு. சண்டைக்காரப் பையன்களோடு டாக்டர் பந்தயம் கட்டுவார்: இந்த வாரம் இத்தனை சண்டைக்கு மேல போடமாட்டேன்னு அவனே எண்ணிக்கை சொல்லணும். ஜெயிச்சா மிட்டாய். சண்டையே போடாதேன்னு சொல்லலை பாருங்க. குறைச்சுக்கோன்னுதான்.

ஆனா இந்தக் கருவிகள் எல்லாம் முழுசா உருவாகுறதுக்குள்ள 1914 வந்துடுச்சு. முதல் உலகப் போர். மறுபடியும் ரஷ்ய ராணுவச் சீருடை, போர்முனை ஆஸ்பத்திரி. 4 வருஷம். குழந்தையை எப்படி நேசிப்பது என்ற தன் முக்கியமான புத்தகத்தை அவர் எழுதினது அங்கேதான், பீரங்கிச் சத்தத்துக்கு நடுவில். கீவ் பக்கத்தில் உக்ரைன் குழந்தைகளின் காப்பகங்களில் டாக்டராகவும் இருந்தார். நோயும் அழுக்குமாகக் கிடந்த பிள்ளைகள், கவனிக்க ஆளில்லை.

டார்னோபோல் என்ற ஊரில் ஒரு காப்பகம். போரில் அம்மா அப்பாவை இழந்த பிள்ளைகளைக் குப்பை மாதிரி அங்கே கொட்டி வைத்திருந்தார்கள். அங்கிருந்து 11 வயசுப் பையன் ஒருவனைத் தன் அறைக்கு அழைத்து வந்தார். அம்மா இறந்தாச்சு, அப்பா போர்முனையில். பையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தச்சு வேலை கத்துக்கணும்னு ஆசை. ரெண்டு வாரம் அவனோடு ஒரே மேஜையில் சாப்பிட்டு, எழுத்துச் சொல்லிக் கொடுத்து, அவன் எங்கே தடுமாறுகிறான், எதற்குச் சிரிக்கிறான் என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். டாக்டரோட உதவியாளுக்கு இது பிடிக்கலை, கூடுதல் வேலைன்னு முணுமுணுப்பு. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சாகுற இடத்துல ஒரு பையன் ஒரு எழுத்தை எப்படி உச்சரிக்கிறான்னு ஒரு ராணுவ டாக்டர் குறிப்பெடுக்கிறார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கூட்டத்தில் ஒருத்தனா ஆகிப்போன பிள்ளையை மறுபடி தனி ஆளாக்குற வேலை அது.

இதைத்தான் அவர் பார்த்தார்னு நினைக்கிறேன். போர் ஒரு குழந்தையை முதலில் எண்ணிக்கையாக மாற்றிவிடுகிறது. 300 அகதிகள், 80 அனாதைகள், 40 ரொட்டி. அவனுக்குன்னு ஒரு முறை கிடையாது, அவன் சொல்றதைக் கேட்க ஆள் கிடையாது. பசி தீர்ந்த பிறகும் இது தீராது.

1918-ல் திரும்பினார். போலந்து சுதந்திர நாடாகியிருந்தது. மரியா ஃபால்ஸ்கா என்ற பெண்மணியோடு சேர்ந்து போலிஷ் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு இல்லம் தொடங்கினார். உட்கார நேரமில்லை, மூணாவது போர் வந்தது. போலந்துக்கும் சோவியத்துக்கும் சண்டை. தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவருக்கு டைஃபஸ் காய்ச்சல் தொற்றியது. அம்மா வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மகன் பிழைத்தார், அந்த நோயிலேயே அம்மா 1920-ல் இறந்தார். 40 வயசு தாண்டின டாக்டர், அன்னைக்கு அவரும் ஒரு அனாதை.

அடுத்த 20 வருஷம்தான் அவர் வாழ்க்கையின் நல்ல காலம். நான் முதல்ல சொன்ன கோர்ட் அப்போதான் முழு வேகத்துல நடந்தது. ஒரு வாரம் தன் மேல் எந்த கேஸும் இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டப் புத்தகமும் உண்டு. முதல் 99 பிரிவுகளில் தண்டனையே கிடையாது, எல்லாம் மன்னிப்பு அல்லது வழக்கை விட்டுவிடுவது. 100-க்கு மேல்தான் குற்றவாளி என்ற வார்த்தை. 600-ம் பிரிவு என்றால் தீர்ப்பு அறிவிப்புப் பலகையில் ஏறும். 1000 என்றால் வெளியேற்றம். அது மிக அரிது. நம்ம காலேஜ் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து எதிர்ப் பக்கத்துல இருந்து படிச்ச மாதிரி இருக்குல்ல? கோர்ட் தவிரப் பிள்ளைகளின் பாராளுமன்றம் இருந்தது, 20 உறுப்பினர்கள்.

இன்னொண்ணு. நம்ம இதழை நடத்துறவங்க எல்லாரும் இதைக் கவனிக்கணும். 1926 அக்டோபரில் கோர்ச்சாக் ஒரு பத்திரிகை தொடங்கினார். 'மாவி ப்ஷெக்லோந்த்'. வாய்ல நுழையாது, விடுங்க. வார்சாவின் யூத நாளிதழ் ஒன்றோடு வெள்ளிக்கிழமைதோறும் வரும் இணைப்பு. எழுதுறவங்க குழந்தைகள், செய்தி அனுப்புறவங்க குழந்தைகள். நாடு முழுக்க இருந்து கடிதங்கள் வரும். சில வருஷம் கழிச்சு ஆசிரியர் பொறுப்பைத் தன் செயலாளராக இருந்த இகோர் நெவெர்லி என்ற இளைஞரிடம் கொடுத்தார். 13 வருஷம் வந்தது. கடைசி இதழின் தேதி 1939 செப்டம்பர் 1. அன்னைக்குக் காலையில்தான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது.

இதுக்கு நடுவில் குழந்தை ராஜா ஒருவனைப் பற்றிய 'முதலாம் மத்தியாஸ் அரசன்' நாவல் போலந்து வீடுகளில் எல்லாம் படிக்கப்பட்டது. வானொலியில் முதிய டாக்டர் என்ற பேரில் பேசினார். சொந்தப் பேர் சொல்லாததற்குக் காரணம், யூதர் ஒருவர் போலிஷ் குழந்தைகளுக்குப் புத்தி சொல்வதா என்று கேட்கிற காலம் வந்திருந்தது. பேர் மறைத்தும் பயனில்லை, 1936-ல் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். பின்னால் மறுபடி கூப்பிட்டார்கள். 1939-ல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பயந்து போன குழந்தைகளுக்காக அதே குரல் வானொலியில் பேசியது. அந்த வாரங்களில் பழைய போலிஷ் ராணுவச் சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஜெர்மானியர்கள் வந்த பிறகும் கழற்றவில்லை. யூதர்கள் கையில் கட்டவேண்டிய பட்டையையும் கட்டவில்லை.

1940 நவம்பரில் வார்சாவின் யூதர்கள் எல்லாரையும் மதில் எழுப்பிய ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். கெட்டோ என்பார்கள். 4 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்குள். க்ரொக்மால்னா வீடு அந்த எல்லைக்கு வெளியே. காலி பண்ணணும். பிள்ளைகளை வரிசையாக, ஏதோ ஊர்வலம் போவது போல அழைத்துச் சென்றார். வாசலில் ஒரு வண்டி உருளைக்கிழங்கைப் பறித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் டாக்டர் நேராக ஜெர்மன் அலுவலகத்துக்குப் போய் கிழங்கைத் திருப்பிக் கேட்டார், சீருடையில், கைப்பட்டை இல்லாமல். அடித்துச் சிறையில் போட்டார்கள். சுமார் ஒரு மாசம். பழைய மாணவர்கள் பணம் திரட்டி வெளியே கொண்டுவந்தார்கள். வந்தவருக்கு 60 வயசு தாண்டியிருந்தது, கால் வீங்கியிருந்தது, தடி இல்லாமல் நடக்க முடியவில்லை.

ஒரு வருஷத்தில் அங்கிருந்தும் விரட்டி இன்னும் சின்னக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பெரிய கூடம். பகலில் அதுவே வகுப்பு, அதுவே சாப்பாட்டு அறை. ராத்திரி 200 பிள்ளைகள் படுக்கிற இடம். ஒரு யூதருக்கு ஜெர்மானியர்கள் அனுமதித்த உணவு நாளுக்கு 200 கலோரிக்கும் குறைவு. மெஸ்ல ரெண்டு இட்லி சாப்பிடுறீங்களே, கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஒரு முழு நாளைக்கு. மதிலின் ஓட்டைகளில் நுழைந்து வெளியே போய் ரொட்டி கடத்தி வந்து குடும்பத்தையே காப்பாற்றியது பெரும்பாலும் குழந்தைகள்தான். சின்ன உடம்பு, ஓட்டைக்குள் நுழையும். பிடிபட்டால் சுடுவார்கள்.

டாக்டர் தினமும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். காசு இருக்கிறவர்களிடம் கெஞ்சுவார், திட்டுவார், மனசாட்சியைக் குத்துவார். கொண்டுவந்து கொட்டுவார். இல்லத்தில் வாரம் ஒருமுறை பிள்ளைகளை எடை பார்ப்பது அவரது பழைய வழக்கம். பல வருஷக் குறிப்புகள் கையில் இருந்தன. ஒரு குழந்தை எப்படி வளர்கிறது என்று அறியச் சேர்த்த எண்கள் அவை. கெட்டோவிலும் எடை பார்ப்பதை நிறுத்தவில்லை. இப்போது அந்த எண்கள் வேறு எதையோ காட்டின. டேட்டா எடுத்துப் பழகின நமக்கு அந்த கிராஃப் எப்படி இறங்கியிருக்கும்னு வரைஞ்சு காட்ட வேண்டியதில்லை. அவர் முன்பு வேலை பார்த்த அதே குழந்தைகள் ஆஸ்பத்திரியின் டாக்டர்களும் கெட்டோவுக்குள் பசியை ஒரு நோயாக ஆராய்ந்து எழுதினார்கள், தாங்களும் பட்டினி கிடந்துகொண்டே. அந்தக் கையெழுத்துப் பிரதி மதிலைத் தாண்டித் தப்பி, 1946-ல் அச்சானது.

தெருவில் அவர் பார்த்த ஒரு காட்சி டைரியில் இருக்கிறது. நடைபாதையில் ஒரு பையன் கிடக்கிறான், செத்துவிட்டானா உயிர் இருக்கிறதா தெரியவில்லை. பக்கத்தில் 3 பையன்கள் குதிரை வண்டி விளையாட்டு விளையாடுகிறார்கள். கயிறு சிக்கிக்கொண்டது. பிரிக்கப் பார்க்கிறார்கள், கோபம் வருகிறது, கிடப்பவன் மேல் கால் இடறுகிறது. கடைசியில் ஒருத்தன், இவன் இடைஞ்சலா இருக்கான், தள்ளிப் போயிடலாம்னு சொல்ல, கொஞ்சம் தள்ளிப் போய்க் கயிற்றைப் பிரிக்கிறார்கள். அவ்வளவுதான். அவங்க கெட்ட பசங்க இல்லை. விளையாடத் தெரிஞ்ச பசங்க. தெருவில் பிணம் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெருவிளக்கு மாதிரி ஆகிப்போச்சு.

இதைப் பார்த்துவிட்டு வந்தவர் தன் வீட்டுக்குள் கோர்ட்டை நடத்திக்கொண்டே இருந்தார். வகுப்புகள், சுவர்ப் பத்திரிகை, எடை, வேலைப் பட்டியல், பிள்ளைகளின் டைரி, எல்லாம் நடந்தது. முதல் தடவை படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு இல்லாத இடத்துல பென்சிலைத் திருடினது யாருன்னு விசாரணையா? இப்போ வேற மாதிரித் தோணுது. மதிலுக்கு அந்தப் பக்கம் நியாயம்னு ஒண்ணு இல்லாமப் போன ஊருல, 200 பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு அறையில அது இருந்தது. அவங்க பிணத்தைத் தாண்டிப் போய் விளையாடப் பழகலை. ஆனா அதனால என்ன ஆச்சு, ரயில் நின்னுச்சான்னு கேட்டீங்கன்னா, நிக்கலை. அந்தக் கேள்வியை என்னால தாண்ட முடியலை, இந்தக் கட்டுரையிலயும் தாண்டப் போறதில்லை.

1942 தொடக்கத்தில் அவர் இன்னொரு வேலைக்கு மனுப் போட்டார். கெட்டோவின் ட்சியெல்னா தெருவில் 1000 குழந்தைகள் இருந்த ஒரு காப்பகம். பிணவறை என்றே சொல்லலாம், ஊழியர்களே பிள்ளைகளின் உணவைத் திருடிக்கொண்டிருந்தார்கள். 200 பேரையே காப்பாத்த முடியாத மனுஷன், அங்கேயும் போய் நின்னார்.

ஜூலை 18 அன்று அவர் வீட்டில் ஒரு நாடகம். இது நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எழுதினது. ரவீந்திரநாத் தாகூரின் 'தபால் ஆபீஸ்'. தாகூரின் எழுத்தை ஜெர்மானியர்கள் தடை செய்திருந்தார்கள். கதை சின்னது: அமல் என்ற நோயாளிப் பையன். வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஜன்னலில் உட்கார்ந்து தயிர்க்காரன், காவல்காரன், பூக்காரச் சிறுமி என்று போகிற வருகிறவர்களோடு பேசுகிறான். ராஜாவிடமிருந்து தனக்கு ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். கடைசியில் ராஜாவின் வைத்தியர் வந்து கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொல்ல, பையன் தூங்கிப்போகிறான். அது தூக்கமா என்பது பார்க்கிறவருக்குத் தெரியும். மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகள் அறைக்குள் அடைபட்ட பிள்ளையாக நடித்தார்கள். இந்த நாடகத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு டாக்டர் தந்த விளக்கம், மரணத்தை அமைதியாக ஏற்கப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பதாக இருந்தது. சாந்திநிகேதன் பக்கம் எழுதின ஒரு நாடகம் வார்சாவில் இப்படிப் பயன்படும்னு தாகூர் நினைச்சிருக்க மாட்டார். அவர் இறந்து அப்போ ஒரு வருஷம் ஆகப்போகுது.

நாலு நாள் கழித்து, ஜூலை 22, டாக்டரின் பிறந்தநாள். அன்றுதான் சுவரொட்டி ஒட்டினார்கள்: யூதர்கள் கிழக்கே குடியேற்றப்படுவார்கள், நாளைக்கு 6000 பேர். கெட்டோ யூதச் சபையின் தலைவர் செர்னியாகோவ், அனாதைப் பிள்ளைகளையாவது விட்டுவிடும்படி மன்றாடிப் பார்த்தார். நடக்கவில்லை. மறுநாள் விஷம் குடித்து இறந்தார். இரண்டு மாசத்துக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ரயிலில் ஏற்றப்பட்டார்கள். ரயில் போனது ட்ரெப்ளிங்காவுக்கு. அங்கே குடியேற ஒரு வீடும் இல்லை, நச்சுவாயு அறைகள்தான்.

கோர்ச்சாக் தப்பியிருக்கலாம். மதிலுக்கு வெளியே நண்பர்கள் இருந்தார்கள். பத்திரிகையை ஏற்று நடத்திய நெவெர்லி பொய் அடையாளச் சீட்டோடு கெட்டோவுக்குள் வந்து கூப்பிட்டார். ஒருத்தருக்குத்தான் வழி, 200 பேருக்கு இல்லை. போகவில்லை. ஸ்டெஃபானியாவும் போகவில்லை. 1930-களின் கடைசியில் பாலஸ்தீனத்தில் பத்திரமாக இருந்தவர் அவர். போர் வருவதற்குச் சில மாசம் முன்பு பிள்ளைகளுக்காகத் திரும்பி வந்திருந்தார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு காலை வீட்டைச் சூழ்ந்தார்கள். சுமார் 190 பிள்ளைகளும் 10 பெரியவர்களும் நாலு நாலு பேராக வரிசை கட்டி, வெயிலில் சில கிலோமீட்டர் நடந்து ரயிலடிக்குப் போனார்கள். அந்த நடையைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. கொடி, பாட்டு, கடைசி நிமிஷத்தில் மனம் மாறிய ஜெர்மன் அதிகாரி என்றெல்லாம். சினிமாக்கூட வந்திருக்கு. அந்த அலங்காரம் எதுவும் வேண்டாம்னு எனக்குத் தோணுது. ஒரு பெரியவர், பிள்ளைகள் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தார். அவங்க தனியாப் போகலை.

ட்ரெப்ளிங்காவில் இப்போது 17,000 கற்கள் நட்டு வைத்திருக்கிறார்கள். சில கற்களில் ஊர்ப் பெயர்கள். ஒரு தனி மனிதரின் பேர் இருப்பது ஒரே ஒரு கல்லில்: யானுஷ் கோர்ச்சாக், கூடவே குழந்தைகள் என்று. 1978-ல் குழந்தைகளின் உரிமைக்கு உலக ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா.வில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989-ல் அது நிறைவேறியது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. க்ரொக்மால்னா வீடு போரில் தப்பி இன்றும் நிற்கிறது, தெருப் பேர்தான் மாறிவிட்டது. எடைக் குறிப்புகள் கிடைக்கவில்லை. டைரி கிடைத்தது. ஃபால்ஸ்காவின் இல்லத்துச் சுவருக்குள் ஒளித்து வைக்கப்பட்டு, 1958-ல் புத்தகமானது.

அதன் கடைசிப் பதிவு 1942 ஆகஸ்ட் 4. விடிகாலை. ஜன்னலில் இருக்கும் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கீழே தெருவில் ஒரு ஜெர்மன் சிப்பாய் காலை அகட்டி வைத்துக்கொண்டு, துப்பாக்கியோடு நின்று இவரையே பார்க்கிறான். தன் வழுக்கைத் தலை குறி வைக்க நல்ல வசதி என்று டாக்டர் நினைத்துக்கொள்கிறார். அவன் ஏன் சுடாமல் நிற்கிறான் என்று யோசிக்கிறார், உத்தரவு வரலையோ என்னவோ. இங்கே வருவதற்கு முன் அவன் என்னவாக இருந்திருப்பான்? ஏதாவது கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்திருக்கலாம். நான் தலையாட்டினால் என்ன செய்வான், கையசைத்தால் என்ன செய்வான் என்று எழுதிக்கொண்டு போகிறார். நேற்றோ முந்தாநாளோதான் எங்கோ தூரத்திலிருந்து வந்து இறங்கியிருப்பான், இங்கே நடப்பதெல்லாம் அவனுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.